டர்பன் கல்வி ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழகக் கல்வியியல் துறையினருக்கும் ஆய்வு நெறிமுறைக் குழுவினருக்கும்,

வணக்கம். நான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிப்பவன், பார்வையற்றவன். வார இறுதிகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் வட்டாரப் பள்ளிகளைப் பற்றி நீங்கள் நடத்தும் ஆய்வுகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு இடம் வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். பதில் சொல்லும் இடம் மட்டும் போதாது. கேள்விகளை உருவாக்கும்போதே எங்களைக் கூப்பிடுங்கள்.

தாய்மொழிக் கல்வி பற்றிய ஒரு கருத்துக்கணிப்புக்கு என்னை அழைத்திருந்தார்கள். இணையப் படிவம். திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் கைப்பேசியின் திரைவாசிப்பான் கேள்விகளை ஒழுங்காகவே வாசித்தது. பதிலுக்கு ஒரு கோட்டின் மேல் புள்ளியை இழுத்து நிறுத்த வேண்டுமாம். அது எனக்குச் சாத்தியப்படவில்லை, பாதியில் விட்டுவிட்டேன். அவர்கள் கணக்கில் நான் பதில் தராதவர்களில் ஒருவன். எங்கள் தெருவில் காது கேளாத இளம்பெண் ஒருத்தி இருக்கிறாள், பள்ளிப் படிப்பைச் சைகைமொழியில் முடித்தவள். அவளுடைய பள்ளி அனுபவத்தைக் கேட்க வந்தவர் சைகைமொழி பெயர்ப்பாளர் இல்லாமல் வந்தார். அம்மாவிடமே எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அம்மா பொய் சொல்லவில்லை. ஆனால் அத்தனை ஆண்டுகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தவள் மகள்தானே?

நம் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, நாட்டில் பேணி வளர்க்க வேண்டிய மொழிகளைச் சொல்லும் இடத்தில் தமிழும் இருக்கிறது, சைகைமொழியும் அங்கே இருந்தது. 2023 ஜூலையில் தென்னாப்பிரிக்கச் சைகைமொழி பன்னிரண்டாவது ஆட்சிமொழியானது. தமிழனான எனக்கும் அதில் பெருமகிழ்ச்சி. ஆய்வில் பங்கெடுக்கச் சம்மதம் கேட்கும் ஒப்புதல் படிவத்தை ஆட்சிமொழி ஒன்றில் விளக்கச் சொல்வதைச் சலுகை என்று யாரும் நினைக்கக் கூடாது.

2001இல் வந்த, அரசின் கொள்கை அறிக்கையான கல்வி வெள்ளை அறிக்கை 6, மாற்றுத்திறன் பிள்ளைகளில் 2,80,000 பேர் வரை கணக்கிலேயே வராமல் இருக்கக்கூடும் என்றது. பள்ளிப் பதிவேட்டிலிருந்து மாதிரி எடுக்கும் ஆய்வுக்கு அந்தப் பிள்ளைகள் எப்படித் தென்படுவார்கள்? கோவில்களிலும் மருத்துவ நிலையங்களிலும் பெற்றோர் சங்கங்களிலும் விசாரித்தால் தென்படுவார்கள். பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது போன்றவற்றில் சிரமம் உண்டா என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேட்கிறார்கள். அந்தச் சில கேள்விகளை எந்தப் பள்ளி ஆய்விலும் சேர்க்கலாம். மாற்றுத்திறன் பற்றிய ஆய்வில்தான் அவற்றைக் கேட்க வேண்டும் என்றில்லை. கணிதப் பாடம் பற்றிய ஆய்விலும் நாங்கள் இருக்கிறோம்.

ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவினரிடம் சற்று விரிவாகவே பேச வேண்டும். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களை எளிதில் பாதிக்கப்படக்கூடியோர் என்று வகைப்படுத்தி, கூடுதல் விளக்கமும் கூடுதல் அனுமதியும் கேட்கிறீர்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் முனைவர் பட்ட மாணவருக்குக் காலம் குறைவு. தாமதத்துக்கு அஞ்சி அவர்களை விலக்கிவிட்டு விண்ணப்பிக்கிறார், அதை நீங்கள் அப்படியே ஏற்கிறீர்கள். சேர்ப்பதற்கு இத்தனை பக்கம் காரணம் எழுத வைக்கும் நீங்கள், விலக்குவதற்கு ஒரு வரியாவது கேட்க வேண்டாமா? எளிய வாக்கியங்களும் படங்களும் கொண்ட ஒப்புதல் படிவம், முடிவெடுக்கும்போது அவர் நம்பும் ஒருவர் பக்கத்தில் இருப்பது, எந்த நிமிடமும் நிறுத்தலாம் என்ற உறுதி, இவை இருந்தால் பலரும் தாங்களே முடிவு சொல்வார்கள். சொல்ல இயலாதவர் உண்டு. அவருக்காக நீங்கள் காட்டும் கவனத்தைக் காரணமாக்கி மற்ற எல்லோரையும் வெளியே நிறுத்துவது நியாயமில்லை.

செலவு ஆகும் என்பது தெரியும். சைகைமொழி பெயர்ப்பாளருக்கும், சக்கர நாற்காலி ஏறும் வண்டிக்கும், கூட வருபவருக்கும் ஆகும் பணத்தை நிதி கேட்கும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். ஆலோசகராக உட்காரும் மாற்றுத்திறனாளிக்கு ஊதியமும் கொடுங்கள். தேநீரும் நன்றிக் கடிதமும் ஊதியம் ஆகாது.

ஆய்வு முடிந்தபின் அறிக்கையை எங்களுக்குப் படிக்கக் கொடுங்கள். பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவுக்கு நூல்களை மாற்றப் பதிப்புரிமைச் சட்டம் தடையாக இருந்தது செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அப்படியிருக்க, ஸ்கேன் செய்து படமாக ஏற்றிய அறிக்கைகள் இன்னும் வருகின்றன. திரைவாசிப்பானுக்கு அது வெற்றுப் பக்கம்.

அடுத்த முறை நெறிமுறை அனுமதிக்கான விண்ணப்பப் படிவத்தைத் திருத்தும்போது இரண்டு கேள்விகளைச் சேர்க்கக் கோருகிறேன். இந்த ஆய்விலிருந்து யார் விலக்கப்படுகிறார்கள், எதனால்? ஆய்வுக் கேள்விகளை உருவாக்கியதில் மாற்றுத்திறனாளிகள் யார் பங்கெடுத்தார்கள்? திருத்தும் குழுவில் உட்கார நான் தயார். எங்கள் தெருப் பெண்ணும் தயார். சைகைமொழி பெயர்ப்பாளரை மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் தமிழ் ஆசிரியன் ஒருவன்