கருக்கலைப்பு: உரிமையா, விலக்கா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பெண்கள் 2022 ஜூனில் இழந்த கருக்கலைப்பு உரிமை இந்தியப் பெண்களுக்கு 1971 முதலே இருக்கிறது என்று தங்கள் இதழில் வெளியான கட்டுரை கூறுகிறது. அந்த ஆண்டு இயற்றப்பட்ட மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவை வாசித்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். குறிப்பிட்ட நிபந்தனைகளின்படி கருவைக் கலைக்கும் பதிவுபெற்ற மருத்துவர் குற்றவாளி ஆகமாட்டார் என்றுதான் அது தொடங்குகிறது. விலக்கு மருத்துவருக்கு, கேட்டுப் பெறும் உரிமை பெண்ணுக்கு அதில் எங்கும் எழுதப்படவில்லை. கருக்கலைப்பைக் குற்றமாக்கும் பழைய தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவும், தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் உள்ளடக்கி, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

உரிமை என்று சொன்னது உச்ச நீதிமன்றம். பிள்ளை பெறுவதா வேண்டாமா என்ற முடிவு அரசமைப்பின் 21ஆவது பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று 2009இல் கூறிய அந்நீதிமன்றம், 2022 செப்டம்பர் 29 அன்று, 24 வாரம் வரை கருவைக் கலைக்கும் வாய்ப்பு மணமாகாத பெண்களுக்கும் உண்டு என்றும், குடும்பத்தாரின் சம்மதம் போன்ற, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது. பதினெட்டு வயது நிறைந்தவளுக்கு அவளுடைய சம்மதமே போதும் என்பது மூலச் சட்டத்திலேயே உள்ளது. ஆனாலும் கணவரின் கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள், வாரங்கள் கடந்து, நாள் மிஞ்சிய நிலையில் மீண்டும் வந்து நின்றதை நான் பணியில் இருந்தபோது கண்டிருக்கிறேன். அன்று ஒன்றும் சொல்லாமல் இருந்தது இன்றும் உறுத்துகிறது.

24 வாரம் கடந்துவிட்டால், பெண்ணின் உயிருக்கு உடனடி ஆபத்து இருக்க வேண்டும், அல்லது கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் கண்டறிய வேண்டும். 2023 அக்டோபரில், பேற்றுக்குப் பிந்தைய மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த, இரு பிள்ளைகளின் தாய் 26ஆவது வாரத்தில் உச்ச நீதிமன்றத்தில் அனுமதி பெற்றார். மத்திய அரசு மீண்டும் முறையிட, அனுமதி அளித்திருந்த இரு பெண் நீதிபதிகளும் மாறுபட்டுத் தீர்ப்பளித்தனர். அக்டோபர் 16 அன்று மூவர் அமர்வு அனுமதி மறுத்தது. அத்தனை வாதத்திலும் அவருடைய விருப்பம் பரிசீலிக்கப்படும் காரணங்களுள் ஒன்றாகவே நின்றது. சட்டத்தின் அமைப்பே அப்படி.

ஆகவே நாடாளுமன்றம் 3ஆம் பிரிவைத் திருத்தி, தொடக்க வாரங்களிலாவது பெண் கேட்பதே போதுமான காரணம் என்று எழுத வேண்டும். அதுவரை, கணவரின் கையெழுத்து தேவையில்லை என்ற அறிவிப்பை ஒவ்வொரு மகப்பேறு மருத்துவமனையின் வாயிலிலும் தமிழில் வைக்க அரசு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்.