லட்லோ ஊராருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள லட்லோ மக்களுக்கு,

உங்கள் ஊரில் நன்றி சொல்ல ஒரு முறை இருக்கிறது. கடையில் ஒரு கார்டு வாங்கி, உள்ளே இரண்டு வரி எழுதி, வீட்டுக் கதவில் இருக்கும் தபால் துவாரத்தில் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். அதை எல்லோருக்கும் செய்துவிட்டேன். இரண்டு வரிக்கு மேல் எழுதினால் வாங்குகிறவருக்குக் கூச்சமாகிவிடும் என்று கூட வேலை செய்கிறவர்கள் எச்சரித்தார்கள். எனக்கு இரண்டு வரி போதவில்லை. மிச்சத்தைத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் படிக்கப் போவதில்லை என்று தெரியும். நீங்கள் செய்தது எங்கள் ஆட்கள் நாலு பேருக்காவது தெரியட்டும்.

அவர்களுக்காக ஊரைப் பற்றிக் கொஞ்சம். லட்லோ, இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லைக்கு அருகில் இருக்கிறது. சுமார் பத்தாயிரம் பேர். மேட்டின் மேல் நார்மன் காலத்துக் கோட்டை, அதன் வாசலில் சந்தைத் திடல், கீழே டீம் ஆறு. திங்கள், புதன், வெள்ளி, சனி சந்தை கூடும். நாகர்கோவிலில் இருந்து 2023 கடைசியில் இங்கே வந்தோம்: நான், கணவர், ஏழு வயது மகன். நான் பார்ப்பது ஹோம் கேர் வேலை. காரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, மருந்து எடுத்துக் கொடுத்து, சாப்பாடு சூடாக்கி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். யார் வீட்டுக்குப் போகிறோம் என்று வெளியே சொல்லக் கூடாது. அதனால் இந்த மடலில் யார் பெயரும் இருக்காது. உரியவர்களுக்குப் புரியும், அதாவது யாராவது வாசித்துக் காட்டினால்.

கிளம்பும்போது ஊரில் எல்லோரும் ஒன்றையே சொல்லி அனுப்பினார்கள்: "அவங்க வானிலையைத் தவிர வேற எதுவும் பேச மாட்டாங்க." உண்மைதான். சம்பளம் எவ்வளவு, அடுத்த குழந்தை எப்போது என்றெல்லாம் இங்கே ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. (அதற்கே தனியாக ஒரு கார்டு போட வேண்டும்.) குளிருகிறது, காற்று திரும்பிவிட்டது, ராத்திரி தெளிவாக இருக்கும்போல என்பதுதான் பேச்சு. முதலில் ஒப்புக்குப் பேசுகிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அக்டோபர் வந்த பிறகுதான் தெரிந்தது, அவ்வளவும் எனக்கான தகவல்.

ராத்திரி வானம் தெளிவாக இருந்தால் காலையில் உறைபனி. உறைபனி என்றால் காரின் முன்கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். ஆறரை மணிக்கு முதல் வீட்டில் இருக்க வேண்டியவள் ஆறு மணிக்கே வெளியே வந்து சுரண்ட வேண்டும். "நாளைக்குத் தெளிவாக இருக்கும்" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலே சொன்னால், சீக்கிரம் எழுந்திரு என்று பொருள். ஒருநாள் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் சுரண்டியும் பழைய படுக்கை விரிப்பும் கொண்டுவந்து கொடுத்தார். விரிப்பை இரவே கண்ணாடிமேல் போட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டால் காலையில் உருவி எடுத்தால் போதும். கொதிக்கிற தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதே, கண்ணாடி விரிசல் விடும் என்றார். நான் அதைத்தான் செய்வதாக இருந்தேன்.

சந்தையில் காய்கறி விற்கிற அம்மா வாராவாரம் ஒரு சாலைப் பாடம் எடுத்தார். ஈர இலை கிடக்கும் இடத்தில் பிரேக்கை அழுத்தாதே. மக்காச்சோளம் அறுக்கிற நேரம், டிராக்டர் டயரில் இருந்து உதிர்ந்த சேறு வளைவில் கிடக்கும். காலையில் ஆற்றோரம் மூடுபனி நிற்கும், மேட்டுக்கு வந்ததும் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், கறுப்புக் கண்ணாடியை வண்டியிலேயே வை. நவம்பரில் கறுப்புக் கண்ணாடியா என்று சிரித்தேன். இந்த ஊர்ச் சூரியன் அந்த மாதத்தில் உச்சிக்கு ஏறுவதே இல்லை. பக்கவாட்டில் தாழ்வாகவே நகர்ந்துபோகிறது, எதிரே வருவது லாரியா வேலியா என்று தெரியாது. அம்மா, அந்தக் கண்ணாடி இப்போது டேஷ்போர்டில்தான் இருக்கிறது. நன்றி. இரண்டு பவுண்டு முட்டைக்கோசுக்கு இவ்வளவு பாடம் அதிகம்.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். 1916இல் போர்க்காலத்தில் தொடங்கிய வழக்கம். கைபேசி தானாக மாறிக்கொள்ளும். நான் பார்க்கப் போகும் வீடுகளில் இருக்கும் சுவர்க் கடிகாரங்கள் மாறாது. மாத்திரை நேரமே குழம்பிவிடும் என்று எனக்கு முன்பே சொல்லி, அந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் நாற்காலி போட்டு ஏறி முள்ளைத் திருப்ப வைத்த சீனியர் அக்காவுக்கு நன்றி. அன்றிலிருந்து மாலை என்ற ஒன்று இல்லாமல் போனது. நவம்பர் முடிவில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. மகன் பள்ளியை விட்டு வரும்போதே விளக்குப் போட வேண்டும்.

இப்போது ஆப்பிள். செப்டம்பர் பாதியில் இருந்தே தெருவில் வீட்டு வாசல்களில் பெட்டி பெட்டியாகப் பழம் வைத்து, அட்டையில் 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி விடுகிறார்கள். காசு போடும் டப்பா கிடையாது. முதல் வாரம் எடுக்கத் தயங்கினோம். மூன்றாவது வீட்டு அம்மா கதவைத் திறந்து, "தயவுசெய்து எடுத்துக்கொண்டு போ, இல்லையென்றால் குளவிக்குத்தான் போகும்" என்றார். அது பிராம்லி ஆப்பிள். பச்சையாக, ஒரு கைக்குள் அடங்காத பருமனில் இருக்கும். அப்படியே கடித்தால் பல் கூசும், அவ்வளவு புளிப்பு. இங்கே சமையலுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். நாட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்ற ஊரில் 1809இல் ஒரு சிறுமி போட்ட விதையில் முளைத்த மரம்தான் இதற்கெல்லாம் மூலமாம். பிற்பாடு அந்த வீட்டை வாங்கிய கசாப்புக் கடைக்காரரின் பெயர்தான் பழத்துக்கு நிலைத்தது. விதைத்தது ஒருத்தி, பெயர் இன்னொருவருக்கு. இதை எங்கே பார்க்கவில்லை!

புளிப்பு என்றதும் நாகர்கோவில்காரிக்குக் கை அரிக்கும். மாங்காய் போலத் துண்டு போட்டு ஊறுகாய் போட முடியாது, சூடு பட்ட நிமிஷத்தில் பிராம்லி பஞ்சாகக் குழைந்துவிடும். ஆகவே தொக்கு. தோல் சீவித் துருவி, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, கடுகு வெடித்ததும் போட்டுக் கிளறி, மிளகாய்த் தூளும் உப்பும் சேர்த்து, எண்ணெய் ஓரத்தில் கக்கி வரும்போது வறுத்த வெந்தயப் பொடியும் காயமும் போட்டு இறக்கினேன். புளி சேர்க்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு பாட்டில் அந்த அம்மாவுக்கு. காரம் தாங்குவாரோ என்று பயம். மறுநாள் பார்த்தால், செடர் சீஸ் வைத்த சாண்ட்விச்சுக்குள் தடவிச் சாப்பிட்டுவிட்டு இன்னும் ஒரு பெட்டி பழத்தை எங்கள் வாசலில் வைத்திருக்கிறார், கூடவே நாலு காலிப் பாட்டில்கள். அது வேண்டுகோள் இல்லை, ஆர்டர். மூடிகளில் எல்லாம் பழைய ஜாம் லேபிள் ஒட்டியிருந்தது, டாம்சன் 2019 என்று. நாவல்பழ நிறத்தில் இருக்கும் அந்தச் சின்னப் பிளம் பழம்தான் ஷ்ராப்ஷயரின் பெருமை.

அதே கணக்கில் ஃபெசன்ட், காட்டுக்கோழி மாதிரி ஒன்று. அக்டோபர் முதல் தேதி அந்தப் பறவையைச் சுடும் பருவம் தொடங்கிவிடும். ஒருநாள் வேலை முடிந்து வந்தால் எங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு சேவலும் ஒரு பெட்டையும் கழுத்தில் கயிறு கட்டித் தொங்குகின்றன, இறகோடு. கணவர் அரண்டுபோய் யாரோ மிரட்டுகிறார்கள் என்றே முடிவு கட்டிவிட்டார். நான் பார்த்துக்கொள்ளும் ஒரு தாத்தாவின் மகன் வைத்துவிட்டுப் போன அன்பளிப்பு அது. என் அம்மாச்சி வீட்டில் கோழி உரித்துப் பழகிய கை, இறகு பிடுங்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு வறுத்தால் நம் நாட்டுக்கோழி போலவே இருந்தது, இடையிடையே பல்லில் ஈயக் குண்டு மாட்டியது தவிர. ஐயா, நன்றி. அடுத்த முறை கதவைத் தட்டிவிட்டு மாட்டுங்கள்.

பள்ளிக்கும் சொல்ல வேண்டும். எங்கள் குமரி மாவட்டத்துச் சபைகளில் அறுப்பின் பண்டிகை என்றால் தேங்காயும் வாழைக்குலையும் குவிந்து கிடக்கும். ஒரு தேங்காய் ஏலத்தில் ஆயிரக்கணக்கில் போகும், மாமனும் மச்சானும் போட்டி போடுவார்கள். மகன் பள்ளியில் அறுப்பின் பண்டிகை என்று கடிதம் வந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். போய்ப் பார்த்தால் மேடையில் டின் சூப், டின் பீன்ஸ், பாஸ்தா. எல்லாம் ஊரில் கஷ்டப்படுகிறவர்களுக்கான ஃபுட் பேங்குக்குப் போகிறது. எனக்கு முகம் விழுந்ததைக் கவனித்த ஆசிரியை, உங்கள் ஊரில் எப்படி என்று விசாரித்து, அடுத்த நாள் மகனை வகுப்பின் முன்னால் நிறுத்தி ஏலம் போட வைத்திருக்கிறார். ஒரு பூசணிக்காயை ஏழு வயதுக்காரன் தமிழில் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவியிருக்கிறான். வகுப்பே இப்போது அதைச் சொல்லித் திரிகிறது.

அப்புறம் அக்டோபர் 31. 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள். எங்களோடு வேலை பார்க்கும் விழுப்புரத்துத் தம்பி காலையில் முறுக்கு கொண்டுவந்து கொடுத்தான். சாயங்காலம் பேயும் எலும்புக்கூடுமாகப் பிள்ளைகள் கதவைத் தட்டின. வாசலில் பூசணி விளக்கு வைத்தால்தான் தட்டுவார்கள், காகிதம் சுற்றிய மிட்டாயாகக் கொடு, யாருக்கு எது ஒவ்வாது என்று தெரியாது என முன்பே சொல்லிக் கொடுத்த எதிர்வீட்டுத் தாய்க்கு நன்றி. நவம்பர் 5, ஊரே பட்டாசு கொளுத்தும் 'கை ஃபாக்ஸ்' இரவு. அந்த வெடிச்சத்தத்துக்கு மட்டும் யாரும் எங்களைத் தயார்ப்படுத்தத் தேவை இருக்கவில்லை.

குளிர் ஏறியதும் எங்கள் மாடி அறை ரேடியேட்டர் கீழே சுட்டது, மேலே ஜில்லென்று இருந்தது. முன்பு சொன்ன அதே பெரியவர் சட்டைப்பையில் இருந்து ஒரு சின்னப் பித்தளைச் சாவியை எடுத்து, ஓரத்துத் திருகில் கால் சுற்றுத் திருப்பினார். உஸ்ஸென்று காற்று போய் நாலு சொட்டுக் கறுப்புத் தண்ணீர் வந்தது. அவ்வளவுதான். சன்னலைத் தினமும் பத்து நிமிஷம் திறந்து வை, இல்லையென்றால் சுவரில் பூஞ்சை வரும் என்றும் சொன்னார். சூடேற்றக் காசு கொடுத்துவிட்டுச் சன்னலைத் திற என்பது நமக்கு ஏறாத கணக்கு. ஆனால் சரிதான், பூஞ்சை வரவில்லை.

நான் போகும் வீடுகளில் சிலர் ஹீட்டிங் போடுவதையே நிறுத்தியிருந்தார்கள். 200, 300 பவுண்டு என்று வந்துகொண்டிருந்த குளிர்கால எரிபொருள் உதவித்தொகை, 2024 குளிர்காலத்தில் பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவர்களுக்கான அரசுத் தொகை) போன்ற உதவி வாங்குகிறவர்களுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. அதற்குச் சற்று மேலே வருமானம் உள்ளவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அப்படி முழங்காலில் கம்பளியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி, நான் உள்ளே நுழைந்ததும் முதலில் தன் வெந்நீர்ப் பையை எடுத்து என் கையில் கொடுப்பார். "அந்தக் கையோடு என்னைத் தொடாதே" என்பார். எனக்காகவா, அவருக்காகவா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பாட்டி, நன்றி.

கடைசியாக அந்த 2024 நவம்பர் 24, ஞாயிறு. பெர்ட் புயல். முந்தைய நாள் இரவே மூன்று பேர் எனக்குத் தனித்தனியாக மெசேஜ் அனுப்பினார்கள். மூன்றிலும் வானிலைதான்: மழை நிற்காது, ஆறு ஏறும், கீழ்ப் பாதை வேண்டாம், மேட்டு வழியாகப் போ. எந்தத் தாழ்வில் முதலில் தண்ணீர் நிற்கும் என்பது வரை எழுதியிருந்தார் சந்தைக்கார அம்மா. அப்படிப் போனதால் காலை வீடுகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். அந்த ஒன்று டென்பரி வெல்ஸ் பக்கம். டீம் ஆற்றில் நமக்குக் கீழே இருக்கும் ஊர். அன்று அங்கே கைர் ஓடையின் கரைச்சுவர் இடிந்து கடைத்தெருவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. சாலை மூடியாகிவிட்டது. காரில் உட்கார்ந்தபடியே ஆபீசுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கும் ஒரு பெண்ணின் அழைப்பு வந்தது. முழங்கால் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நடந்தே போயிருக்கிறார். தேநீர் போட்டுக் கொடுத்து, ரொட்டி வாட்டிக் கொடுத்து, மாத்திரை டப்பாவைத் தொடாமல் எனக்குப் போன் செய்து, "இப்போது என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். ஆபீசில் கேட்டுச் சொன்னோம். மாலை வரை அங்கேயே இருந்தார். அவர் எனக்கு முன்பின் தெரியாதவர். இன்றும் குரல் மட்டும்தான் தெரியும். இந்த மடலில் முதல் நன்றி அவருக்குத்தான், எழுதும்போது கடைசியில் வந்துவிட்டது.

இலையெல்லாம் கொட்டிவிட்டதால் ஆப்பிள் மரங்களில் புல்லுருவி மட்டும் பச்சைப் பந்துகளாகத் தெரிகிறது. நம் ஊரில் கண்டதும் வெட்டி எறிவோம். இங்கே கிறிஸ்துமசுக்கு வீட்டு வாசலில் கட்ட, டென்பரிப் பக்கம் கட்டுக்கட்டாக ஏலம் விடுகிறார்கள். மகனைக் கூட்டிப்போகிறேன் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அவன் இப்போதே "ஒரு தரம்" போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறான்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மட்டும் ஒரு செய்தி: ரேடியேட்டர் சாவி எங்கள் மேசை டிராயரில்தான் இருக்கிறது. மாடி அறை மறுபடி கொடகொடவென்கிறது. இந்த வாரம் முடிந்ததும் கொண்டுவந்து தருகிறேன், ஒரு பாட்டில் தொக்கோடு.

இப்படிக்கு,
லட்லோவில் இருக்கும் நாகர்கோவில்காரி