ஒளி விழாவுக்குக் கைகொடுத்த எல்லாருக்கும்

அன்பான பெற்றோருக்கும், ரீச்சர்மாருக்கும், பழைய மாணவருக்கும், மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு எங்கள் ஒத்திகைச் சத்தத்தையெல்லாம் பொறுத்துக்கொண்ட அயலவருக்கும் வணக்கம்.

எங்கள் பாடசாலையின் ஒளி விழா, அதாவது நத்தார் விழா, அன்று நன்றியுரை என் தலையில்தான் விழுந்தது. எனக்கு முன்னால் பேசியவர்கள் ஆளுக்கு ஆள் இன நல்லிணக்கத்தைப் பற்றி விரிவாகப் பேசி முடிக்க, வானமும் இருட்டிக்கொண்டு வர, "எல்லாருக்கும் நன்றி" என்ற ஒரு வரியோடு இறங்கிவிட்டேன். அது போதாது. மேடையில் பேசப்பட்ட நல்லிணக்கம் மேடைக்குப் பின்னால் யாருடைய முதுகில் ஏறி வந்தது என்பது எனக்குத் தெரியும், ஏற்பாட்டுக் குழுவின் கொப்பி என் கையில்தானே இருந்தது. பெயர் யாருடையதும் போடவில்லை. ஒருவரைப் போட்டு ஒருவரை விட்டால் நான் பிறகு சந்தைக்குப் போக முடியாது. மட்டக்களப்பு சின்ன ஊர், வேலையைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

கனடாவில் இருக்கிற என் தங்கச்சி கேட்டாள், "நீ பிள்ளையார் கதைக்கு விரதம் பிடிக்கிற ஆள், உனக்கு ஏன் இயேசு பாலன் குடில் வேலை?" என்று. அவளும் இதே பாடசாலையில் படித்தவள்தான், மறந்துபோனாள். கத்தோலிக்கப் பாடசாலையில் சைவப் பிள்ளைகள் நிறைந்திருப்பது இந்த ஊருக்குப் புதிதா என்ன? 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, அங்கேயே படிப்பித்தவர்தான் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். 1960இல் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பெடுத்த பிறகும் இப்படியான பாடசாலைகளில் புனிதர் பெயரும் வாசலில் மாதா சுரூபமும் அப்படியே இருந்தன, வகுப்பில் திருநீறும் சிலுவையும் பக்கத்துப் பக்கத்து வாங்கிலில் இருந்தன. எங்களுடையதும் அப்படித்தான். சமய பாட மணி அடித்தால் ஒரு பகுதி திருமறைக்கு எழும்பிப் போகும், ஒரு பகுதி சைவநெறிக்கு இருக்கும், இரண்டு மூன்று முஸ்லிம் பிள்ளைகள் இஸ்லாம் புத்தகத்தோடு நூலகத்துக்குப் போகும். அடுத்த மணிக்கு எல்லாரும் திரும்பி வந்து கணக்கில் ஒன்றாகப் பேச்சு வாங்குவார்கள்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதல் நன்றி டியூஷன் சேர்மாருக்கு. சிரிக்க வேண்டாம். ஒத்திகைக்கு நாள் தேடிய கதையைக் கேளுங்கள். வெள்ளி மத்தியானம் ஜும்ஆத் தொழுகை, முஸ்லிம் பிள்ளைகளும் ஸ்பீக்கர் போடுகிற நானாவும் வரமாட்டார்கள். ஞாயிறு காலை ஒரு பக்கம் பூசையும் மறைக்கல்வியும், இன்னொரு பக்கம் அறநெறிப் பாடசாலை. மிஞ்சினது சனி. சனி என்றால் டியூஷன், இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒரே சமயம் அதுதான். நாங்கள் போய்க் கேட்டதும் வகுப்பை விடியற்காலைக்கு மாற்றித் தந்த விஞ்ஞான சேருக்கும், "ஏரோது ராசா வேஷம் போடுகிறவன் கணக்கில் புள்ளி குறைந்தால் என்னிடம் வரக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே விட்டுத்தந்த கணக்கு சேருக்கும் நன்றி.

ஏரோது என்றதும் கூத்துப் பழக்கின அண்ணாவியார். வருடாவருடம் அதே நாடகம், அதே வெள்ளைச் செட்டை கட்டின சம்மனசுகள் என்று பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இந்த முறை பாலன் பிறப்பை எங்கள் ஊர் வடமோடிக் கூத்தாகப் போடுவோம் என்றோம். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருந்து வந்த அண்ணாவியார் ஆயுள் முழுக்க பாரதக் கூத்துப் பழக்கினவர். பாதர் ஏரோது கதையை விளங்கப்படுத்த, முழுவதையும் அமைதியாகக் கேட்டுவிட்டு, "துரியோதனன் மாதிரி ஆள்தானே, சரி" என்றார். அவ்வளவுதான், அடுத்த கிழமை தரு, அதாவது கூத்துப் பாட்டு, எழுதிக் கொண்டு வந்துவிட்டார். கரப்புடுப்பும் முடியுமாக அந்தப் பதின்மூன்று வயதுப் பொடியன் சதங்கை குலுங்க வரவு ஆடினபோது, பின் வரிசையில் இருந்த கிழவர்கள் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டதைப் பார்த்தேன். அவருடைய மத்தளத்துக்கும், சல்லரித் தாளம் போட்ட அவருடைய பேரனுக்கும், உடுப்புகளை இரவல் தந்த கூத்துக் களரிக்காரருக்கும் கைகூப்பி நன்றி.

மரியாளாக நடித்த பிள்ளையின் அம்மம்மாவுக்கு ஒரு தனி நன்றி. அந்தப் பிள்ளை சைவம். முதலில் அம்மம்மாவுக்கு மனமில்லை. பிறகு என்ன நடந்ததோ தெரியாது, கடைசியில் தன்னுடைய கூறையை மடித்து வைத்திருந்த பெட்டியைத் திறந்து, அதற்குள் இருந்த நீலச் சேலை ஒன்றை அவரே எடுத்துத் தந்தார்.

இன்னொரு விசயத்தையும் எழுதத்தான் வேண்டும். ஏழாம் ஆண்டில் நல்ல கணீரென்ற குரல் உள்ள முஸ்லிம் பிள்ளை ஒன்று இருக்கிறாள். அவளைக் கூத்தில் சேர்க்க ஆசைப்பட்டோம். அவளுடைய வாப்பா வந்து, குர்ஆனில் மர்யமின் (மரியாள்தான்) பெயரிலேயே ஒரு அத்தியாயம் இருக்கிறது, எங்களுக்கும் அவர் கண்ணியமானவர், ஆனால் நபிமாரை வேஷம் கட்டி நடிப்பது எங்கள் வழக்கம் இல்லை, குறை நினைக்க வேண்டாம் என்று மிகத் தன்மையாகச் சொன்னார். பொறுப்பான ரீச்சர் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை, முகமும் கோணவில்லை. "அப்ப வரவேற்புரை அவளுக்கு" என்று கொப்பியில் எழுதச் சொன்னார். எல்லாரையும் ஒரே மேடையில் ஏற்றிப் படம் எடுத்தால்தான் ஒற்றுமை என்று நினைக்கிறவர்கள் நம்மிடையே அதிகம், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வராததை வராததாக விட்ட அந்த ரீச்சருக்கும், மறைக்காமல் நேரில் வந்து சொன்ன அந்த வாப்பாவுக்கும் இந்த மடலில் உள்ளதிலேயே பெரிய நன்றி.

பாலன் குடிலின் மரவேலை முழுவதும் ஐரோப்பியர் வழிவந்த எங்கள் பறங்கி அங்கிளுடையது. காசு வாங்கவில்லை, பிளேன்டீ மட்டும் கணக்கில்லாமல் குடித்தார். போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டத் தொடங்கியது 1628இல், பத்து வருடத்தில் ஒல்லாந்தர் அதைப் பிடித்துவிட்டார்கள், ஆனால் அந்தக் காலத்துப் போர்த்துக்கேய மொழி இன்றைக்கும் அங்கிள் வீட்டுக் குசினிக்குள் பெரியவர்கள் வாயில் கேட்கிறது. மாலையில் உளியை வைத்துவிட்டு வயலினை எடுப்பார், பிள்ளைகளுக்குக் கபிரிஞ்ஞா ஆட்டம் பழக்குவார். இடைவேளையில் பாஸ்கெட்போல் கதை. அவரைப் பழக்கினது அமெரிக்காவில் இருந்து வந்த இயேசுசபைக் குரு பாதர் ஹெபர்ட். 1990 ஆவணியில் வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில், கூடவே வந்த இளைஞரோடு காணாமல் போன அதே பாதர்தான். இந்தத் தலைமுறைக்கு அந்தப் பெயர் தெரியாது, அங்கிள் சொல்லித்தான் என் மகனுக்கும் தெரியும். டச்பாரில் இருந்த அங்கிளின் வீட்டை 2004இல் நத்தாருக்கு மறுநாள் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் மார்கழியில் வயலின் எடுக்கிற மனுசன்.

குடிலுக்கு வைக்கோல் வேண்டும். பெரும்போகம் இன்னும் வயலில் பச்சையாக நிற்கிற மாதத்தில், அடைமழைக்குள், காய்ந்த வைக்கோலுக்கு எங்கே போவது? வவுணதீவில் இருந்து ஒரு அப்பா, தன் மாடுகளுக்கென்று மூடி வைத்திருந்ததில் இருந்து எடுத்து, பொலித்தீனில் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கட்டி, வலையிறவுப் பாலத்தால் கொண்டு வந்தார். மாடுகளுக்கும் நன்றி என்று எழுதலாம்.

சாப்பாட்டுக் குழுவைப் பற்றி எழுதினால் தனி மடல் வேண்டும், சுருக்கிச் சொல்கிறேன். கோழி வாங்கியது ஹலால் கடையில், அதனால் புரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் எல்லாரும் வரக்கூடியதாக இருந்தது. விரதகாரருக்குத் தனி அடுப்பு, தனி அகப்பை, அதைப் பொறுப்பெடுத்தது தாண்டவன்வெளியில் இருந்து வந்த கத்தோலிக்க அக்கா. அந்த அகப்பையை வேறு யாரும் தொட்டுவிடாமல் அவர் காவல் காத்த காவலுக்கு முன்னால் எங்கள் வீட்டு மாமியின் ஆசாரம் நிற்காது.

அப்புறம் அந்தக் கரண்ட். கூத்து பாதியில் நிற்க, மண்டபம் முழுக்க இருட்டு. காத்தான்குடி ஸ்பீக்கர் நானா கேட்காமலே ஜெனரேட்டரையும் கொண்டு வந்திருந்தார், ஏரோது மூச்சு வாங்கி முடிவதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது. மேடையில் யாரும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். 2019 உயிர்த்த ஞாயிறு அன்று நம் ஊர் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து அத்தனை பேர் செத்த பிறகு, பிள்ளைகளும் அதற்குள், இந்தப் பாடசாலை வாசலில் பெற்றோர் முறை வைத்து நின்று புத்தகப்பைகளைத் திறந்து பார்த்தோம். அந்த மாதங்களில், முஸ்லிம் ஆள் என்பதால், இந்த நானாவின் ஸ்பீக்கரை வாடகைக்கு எடுக்கவும் ஆள் இருக்கவில்லை. அவர் அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டினதில்லை, ஜெனரேட்டருக்கு எண்ணெய்க் காசு மட்டும்தான் எடுத்தார். அந்த வருடமே அவரை முதலில் திரும்பக் கூப்பிட்டது அப்போது இருந்த சிஸ்டர்தான். அவர் இப்போது மாற்றலாகிப் போய்விட்டார், இந்த மடல் அவர் கண்ணில் பட்டால் நல்லது.

இன்னும் எத்தனையோ பேர். நட்சத்திரக் கூடு ஒட்டின பத்தாம் ஆண்டுப் பொடியன்மார், இரவு பத்து மணிக்குப் பிள்ளைகளைக் காசு வாங்காமல் வீட்டுக்கு வீடு இறக்கிவிட்ட ஓட்டோ அண்ணாமார், மண்டபத்தைக் கூட்டிக் கழுவிவிட்டுக் கடைசியாகப் போன காவலாளி ஐயா.

வரவு செலவுக் கணக்கு கந்தோர் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். சம்மனசு உடுப்புகளில் இரண்டு இன்னும் திரும்பி வரவில்லை, தோய்க்காவிட்டாலும் பரவாயில்லை, தந்துவிடுங்கள். விட்டுப்போன குடைகளும் ஒற்றைச் சப்பாத்து ஒன்றும் கந்தோரில் இருக்கின்றன. தைப்பொங்கலுக்கு அடுப்பு வைக்கிற இடத்தில் இப்போதே மழைத்தண்ணி நிற்கிறது, ஒரு லோட் மணல் பறிக்கக் கூடியவர்கள் யாராவது இருந்தால் அதிபரிடமோ என்னிடமோ இந்தக் கிழமைக்குள் சொல்லுங்கள்.