புதிய கல் ஈ என்று அறிவிக்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிய பூச்சியினம் கண்டுபிடிப்பு என்று செய்தி வரும்போது பெரும்பாலும் ஒரு படமும் ஒரு பெயரும் மட்டுமே அச்சாகின்றன. ஓடைக் கற்களின் அடியில் வளரும் கல் ஈக்களைப் (stonefly) பொறுத்தவரை இவை இரண்டும் சேர்ந்தாலும் எதையும் நிரூபிக்காது. குமரி மாவட்டக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகள் ஓடைப் பூச்சிகளைச் சேகரிக்கும்போது எதை விட்டுவிடக் கூடாது என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் தண்ணீர் நுரைத்து ஓடும் இடத்தில் கல்லைப் புரட்டினால், தட்டையான உடலோடு விறுவிறுவென்று அடிப்பக்கம் ஓடி ஒளியும் நிம்ஃப்களை, அதாவது முழுதாக வளராத இளம் பூச்சிகளைப் பார்க்கலாம். வால் இரண்டு என்பதை மட்டும் வைத்துக் கல் ஈ என்று முடிவுகட்டக் கூடாது. ஓடையில் வளரும் இன்னொரு பூச்சி வகையான மே ஈக்களிலும் (mayfly) சிலவற்றுக்கு இரண்டு வால்தான். காலின் நுனியைப் பாருங்கள். கல் ஈயின் நிம்ஃபுக்கு ஒவ்வொரு காலிலும் இரண்டு நகங்கள் இருக்கும், மே ஈக்கு ஒன்றுதான். மே ஈயின் செவுள்கள் வயிற்றின் இருபுறமும் வரிசையாக இருக்கும். நம் பக்கம் அதிகம் கிடைக்கும் பெர்லிடே குடும்பத்துக் கல் ஈக்களுக்கோ அவை மார்புப் பகுதியில், கால்கள் தொடங்கும் இடத்தில் குஞ்சம் குஞ்சமாக இருக்கும்.

அந்தக் குடும்பத்தில் 1905-இல் நீதம் நிறுவிய நியோபெர்லா என்ற பேரினத்தில்தான் (நெருங்கிய இனங்களின் தொகுதி) பெரிய சிக்கல். அதன் நிம்ஃப்கள் ஒன்றைப்போலவே ஒன்று இருக்கும். வளர்ந்த பூச்சியின் நிறமும் ஓர் இனத்துக்குள்ளேயே மாறும். இனத்தைப் பிரித்துக் காட்டுவது ஆணின் வயிற்று நுனிதான்: வயிற்றின் 7, 8-ஆம் கண்டங்களின் (வளையம் போன்ற உடற்பகுதிகளின்) முதுகுப்புற மேடுகள், 10-ஆம் கண்டத்தின் கொக்கிகள், எல்லாவற்றுக்கும் மேலாக வயிற்றுக்குள் மடிந்து கிடக்கும் இனச்சேர்க்கை உறுப்பு. அந்த உறுப்பு வெளியே வந்து முழுதாக விரிந்தால்தான் அதன் மேலுள்ள முட்களின் அமைப்பு தெரியும். பெண்ணிடம் முட்டை ஓட்டின் வரிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஆக, நிம்ஃபை மட்டும் குப்பியில் போட்டு வைத்துக்கொண்டு புதிய இனம் என்று அறிவிக்க வழியில்லை.

ஆண் கிடைக்க இரண்டு வழிகள். இருட்டியதும் ஓடைக் கரையில் வெள்ளைத் துணி கட்டிப் புற ஊதா விளக்கு வைப்பது ஒன்று. முற்றிய நிம்ஃபை வளர்ப்பது மற்றது. இறக்கை மொட்டுகள் கறுத்து உப்பியிருந்தால் அது முற்றியது, அதைத்தான் எடுக்க வேண்டும். ஒரு கிண்ணத்துக்கு ஒன்றே ஒன்று. இவை வேட்டையாடிகள், சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். மேலே ஏறிவர ஒரு வலைத்துண்டு, மூடியில் காற்றோட்டம், மீன் தொட்டிக் காற்றுக் குழாய் ஆகியவை தேவை.

இங்கே பெரும்பாலோர் தோற்பது வெப்பத்தில். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். நாகர்கோவில் ஆய்வகத்து மேசையில் வைத்த கிண்ணத்தைக் கவனித்தால் நிம்ஃப் கால்களை ஊன்றித் தண்டால் எடுப்பதுபோல உடலை ஏற்றி இறக்கும். செவுள்களின்மேல் தண்ணீரை ஓடவைக்க அது படும் பாடு அது. அதைக் கண்டதும் தண்ணீரைக் குளிரவையுங்கள், காற்றைக் கூட்டுங்கள், தாமதித்தால் செத்துவிடும். ஐஸ் பாக்கெட்டைக் கிண்ணத்துக்கு வெளியே, தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்தால் போதும்.

தோல் உரித்து வெளிவந்த பூச்சியை உடனே கொல்லக் கூடாது. ஒரு நாள் விட்டால்தான் உடல் இறுகி நிறம் பிடிக்கும். அதற்கு முன் சாராயத்தில் (எத்தனாலில்) போட்டால் சுருங்கி வெளிறிவிடும். உரித்த தோலையும் அதே குப்பியில் போடுங்கள். இந்த நிம்ஃப் இந்தப் பூச்சியுடையது என்பதற்கு அதுவே சான்று.

ஆணைக் கொன்ற கையோடு வயிற்றைப் பின்னோக்கி மெதுவாக அழுத்தினால் உறுப்பு வெளியே வரும். வராவிட்டால் வயிற்று நுனியை வெட்டி 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில், அறை வெப்பத்தில் ஓரிரவு ஊறவைத்து நுண்ணிய இடுக்கியால் இழுக்கலாம். அவசரப்பட்டுக் கொதிக்கவைத்தால் மென்சவ்வு கிழிந்துவிடும். பிறகு தண்ணீரில் கழுவி, கிளிசரின் உள்ள சிறு குப்பியில் பூச்சியோடு சேர்த்தே வைக்க வேண்டும். உடல் அமைப்பு பார்க்க 80 சதவீத எத்தனால், டி.என்.ஏ.வுக்கு ஒரு காலை மட்டும் எடுத்து 95 சதவீதத்துக்கு மேலுள்ள எத்தனாலில், குளிரில். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம், அதில் டி.என்.ஏ. சிதையும். லேபிளைப் பென்சிலில் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். பால்பாயின்ட் மை சாராயத்தில் கரைந்துபோனால் ஓடையின் பெயரும் தேதியும் போய்விடும், மாதிரி பயனற்றதாகிவிடும்.

கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் சேகரிக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி முன்கூட்டியே வேண்டும். 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, புதிய இனத்தைக் கண்டறிபவர் அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைத்தாக வேண்டும். 1999-க்குப் பின் வெளியாகும் எந்த இனப் பெயருக்கும், பெயரைத் தாங்கும் முதன்மை மாதிரி எது, அது எங்கே இருக்கிறது என்று கட்டுரையிலேயே குறிப்பிட வேண்டும் என்பது விலங்குப் பெயரீட்டுச் சர்வதேச விதி. கல்லூரி அலமாரியில் இருக்கிறது என்பது நல்ல பதிலாகாது. சாராயம் ஆவியாகி, பொறுப்பாளர் ஓய்வுபெற்று, குப்பி காணாமல் போவது எங்கும் நடப்பதுதான்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ஆய்விதழில் விளக்கத்தோடு வெளியாகும் முன்னரே இனத்தின் புதிய பெயர் நாளிதழில் வந்துவிட்டால், விளக்கமில்லாத வெற்றுப் பெயராக அது எங்கும் பரவிக் குழப்பம் தரும். எனவே கட்டுரை வெளியாகும்வரை பெயரை அச்சிடாமல் பொறுத்திருங்கள். வெளியான பின், முதன்மை மாதிரி எந்தக் காப்பகத்தில், எந்தப் பதிவு எண்ணில் இருக்கிறது என்று ஆய்வாளரிடம் கேட்டு அதையும் செய்தியில் சேர்த்து வெளியிடுங்கள்.

விலங்கியல் ஆசிரியர்கள் சிலர்,
நாகர்கோவில்.