பாரம்பரிய அளவையியல் பயிற்சி 7இல் பிழையான விடைகள்: மூன்றாவது தடவையாக முறைப்பாடு

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். இரண்டுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே பதில்தான் வந்தது. நான் கருத்துச் சொல்லவில்லை ஐயா, முறைப்பாடு செய்தேன். அதனால் இந்தத் தடவை கையால் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

மார்ச் 12ஆம் திகதி, உயர்தரம் படிக்கும் என் மகளுக்காக உங்கள் அளவையியல் செயலிப் பொதியை 6,800 ரூபாவுக்கு வாங்கினேன். பாரம்பரிய அளவையியல் அலகு, இரண்டு எடுகூற்றிலிருந்து ஒரு முடிவை எடுக்கும் நியாயத்தொடைப் பயிற்சி 7, வினா 4, வினா 11. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும், நீங்கள் செய்த பொருள்தானே.

வினா 4 இது: எல்லா ஆசிரியர்களும் பட்டதாரிகள். எல்லா அதிபர்களும் பட்டதாரிகள். ஆகவே எல்லா அதிபர்களும் ஆசிரியர்கள். மகள் "வாய்ப்பற்றது" என்று, அதாவது எடுகூற்றுகளிலிருந்து அந்த முடிவு வராது என்று அழுத்தினாள். சிவப்புப் புள்ளடி வந்தது. "வாய்ப்பானது" என்று மாற்றி அழுத்தியதும் பச்சை நிறத்தில் "மிகச் சரி!" என்கிறது உங்கள் செயலி. பட்டதாரிகள் என்பது இரண்டு எடுகூற்றிலும் வரும் மத்திய பதம். இரண்டு எடுகூற்றும் நிறைவிதி, "எல்லா" என்று உடன்பாடாகச் சொல்பவை. நிறைவிதியில் எழுவாய்தான் வியாப்தியடையும், அதாவது தன் வகுப்பு முழுவதையும் குறிக்கும், பயனிலை அடையாது. இங்கே மத்திய பதம் இரண்டிலும் பயனிலையாகவே கிடக்கிறது. ஒரு தடவையாவது வியாப்தியடையாத மத்திய பதத்தை வைத்துக்கொண்டு மற்ற இரண்டு பதங்களையும் எப்படி முடிச்சுப் போடுவது? இதே அச்சில் எல்லா எருமைகளும் தண்ணீர் குடிப்பவை, எல்லா ஆடுகளும் தண்ணீர் குடிப்பவை, ஆகவே எல்லா ஆடுகளும் எருமைகள் என்றும் சொல்லலாம். அதையும் மிகச் சரி என்பீர்களா? அதிபர்கள் ஆசிரியர்களாக இருந்து வந்தவர்கள் என்பதால் முடிவு காதுக்கு உண்மை போலக் கேட்கிறது. பிள்ளைகள் விழும் குழியே அதுதான். முடிவு உண்மையா என்பது வேறு, வாதம் வாய்ப்பானதா என்பது வேறு. இதைப் படிப்பிக்கத்தானே உங்களிடம் காசு கொடுத்தோம்?

ஏழு தடவை கோல் எடுத்தேன். ஒரு தடவை 23 நிமிடம் பாட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன், ரீலோட் முடிந்து கோல் அறுந்துபோனது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஏப்ரல் கடைசியில் பேசிய அந்தத் தம்பியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வினா 4ஐ நான் வாசிக்கத் தொடங்கியதுமே இடைமறித்து, "அன்ரி, உங்களுக்கு இது விளங்காது. போனைப் பிள்ளைட்ட குடுங்க" என்றார். நான் 1997இல் உயர்தரத்தில் அளவையியல் எடுத்து பி சித்தி பெற்றவள். கரண்ட் இல்லாத காலத்தில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் இந்த விதிகளைப் பாடமாக்கினேன். அவர் வயதுக்கு என் மூத்த மகன் இருக்கிறான். கொடுக்க மாட்டேன், என்னிடமே சொல்லுங்கள் என்றேன். அப்போது அவர் சொன்னது இது: "அப்டேற் பண்ணாத ஆக்கள் எல்லாருக்கும் இந்தப் பிழை வருது. உங்களுக்கும் வருது. அப்ப நீங்க அப்டேற் பண்ணல்ல."

தயவுசெய்து இந்த வசனத்தை இன்னொரு தடவை வாசியுங்கள். வினா 4இன் அச்சு அப்படியே இதில் இருக்கிறது. அப்டேற் செய்யாதவர்களுக்குப் பிழை வரலாம், செய்தவர்களுக்கும் வரலாம். நான் அன்று காலைதான் அப்டேற் செய்திருந்தேன். உங்கள் செயலி பிள்ளைகளுக்கு எந்தப் போலி வாதத்தைப் படிப்பிக்கிறதோ, அதே போலியை வைத்து உங்கள் ஊழியர் வாடிக்கையாளரின் வாயை அடைக்கிறார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

வினா 11ஐ விட்டுவிட்டேன். எல்லாக் கடலாமைகளும் நுரையீரலால் சுவாசிப்பவை. எல்லாக் கடலாமைகளும் கடலில் வாழ்பவை. ஆகவே கடலில் வாழ்பவற்றுள் சில நுரையீரலால் சுவாசிப்பவை. இது மத்திய பதம் இரண்டு எடுகூற்றிலும் எழுவாயாக வரும் மூன்றாம் உரு, பெயர் தராப்தி. அரிஸ்டோட்டில் வாய்ப்பானது என்று ஏற்றுக்கொண்ட பிரகாரம், அதாவது வாத வடிவம். உங்கள் செயலி இதை வாய்ப்பற்றது என்கிறது. காரணம் கேட்டால் ஒரு வென் வரைபடத்தைக் காட்டுகிறது. பூல் என்ற கணித அறிஞருக்குப் பிறகு வந்த நவீன அளவையியலில் "எல்லாக் கடலாமைகளும்" என்று சொன்னால் ஆமை ஒன்றாவது உண்டு என்று எடுப்பதில்லை, அதனால் அங்கே தராப்தி நிற்காது. சரி, அது எனக்கும் தெரியும். ஆனால் அலகின் தலைப்பில் நீங்களே பெரிய எழுத்தில் "பாரம்பரிய அளவையியல்" என்று போட்டிருக்கிறீர்களே! பாரம்பரிய முறையில் நிறை எடுப்பைச் சொன்னாலே அதன் எழுவாய்க்கு உரியது உண்டு என்பது அடங்கிவிடும். உங்கள் குறிப்புப் பக்கத்தில் 256 பிரகாரங்களுள் 24 வாய்ப்பானவை, உருவுக்கு ஆறு என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். திருத்தும்போது மட்டும் நவீன முறையின் 15ஐத்தான் ஏற்கிறீர்கள். மிச்சம் ஒன்பதும் எங்கே போயின? படிக்கக் கொடுப்பது ஒரு முறை, புள்ளி போடுவது இன்னொரு முறை என்றால் பிள்ளை எதை நம்புவது?

மே 6ஆம் திகதி உங்கள் ஆட்கள் சொன்னபடி பற்றுச்சீட்டோடு மட்டக்களப்பு நகரக் கிளைக்குப் போனேன். விடியற்காலை தம்பிலுவிலில் பஸ் ஏறி, அக்கரைப்பற்றில் மாறி, கல்முனை, களுவாஞ்சிகுடி, காத்தான்குடி எல்லாம் தாண்டிக் கல்லடிப் பாலம் கடக்கும்போது பத்து மணி. அங்கே இருந்தவர் பற்றுச்சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மை மங்கிட்டுது, நம்பர் தெரியல்ல" என்றார். உங்கள் கடை கொடுத்த தாளில் உங்கள் மெஷின் அடித்த மை அது. நல்லகாலம், போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டிய பிறகுதான், "இஞ்ச புத்தகம் மட்டுந்தான், செயலிக்கு நீங்க கோல்தான் எடுக்கணும்" என்கிறார். கோல் எடுத்தபோது கிளைக்குப் போகச் சொன்னது நீங்கள்தானே? உட்காரக்கூட ஒரு கதிரை தரவில்லை. ஒரு நாள் கூலி, பஸ் காசு, ஓட்டோ காசு எல்லாம் வீண்.

நட்டம் காசோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மகள் கொப்பியில் தானாகச் செய்திருந்த சரியான விடைகளையெல்லாம் உங்கள் செயலியை நம்பி அழிரப்பரால் அழித்தாள். அழித்த இடத்தில் தாள் தேய்ந்து ஓட்டையாகிக் கிடக்கிறது. தவணைப் பரீட்சையில் உங்கள் முறைப்படியே எழுதி எட்டுப் புள்ளியை இழந்தாள். இசட் புள்ளியில் நூலிழையில் பல்கலைக்கழகம் தவறிப்போன பிள்ளைகளை எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு காட்டுவேன். அந்த எட்டுப் புள்ளியோடு என் பிள்ளையின் எதிர்காலமே போனது என்றுதான் நினைக்கிறேன். இப்போது அவள் சரியான விடையைக் கூட என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறாள்.

உங்கள் குறிப்புகள் தெளிவானவை, வேறு அலகுகளில் பிழை எதையும் நான் காணவில்லை. அதனால்தான் இன்னும் மரியாதையாகக் கேட்கிறேன். இரண்டு விடைகளையும் திருத்துங்கள். பயிற்சி 7ஐச் செய்த எல்லாப் பிள்ளைகளுக்கும் திருத்தத்தை அனுப்புங்கள். என் 6,800 ரூபாவையும் மட்டக்களப்புப் பயணச் செலவையும் திருப்பித் தாருங்கள். அந்தத் தம்பி என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதை நான் விடப்போவதில்லை.

ஜூன் 5ஆம் திகதிக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போவேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். எனக்கு அது ஜூன் 12இல் முடிகிறது. அதுவரை இழுத்தடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அதிகாரசபைக்கான கடிதத்தை எழுதி முடித்துக் கையெழுத்தும் வைத்துவிட்டேன், அவர்களின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கும் பேசி வைப்பேன். மகளின் கொப்பியின் பிரதியையும் பற்றுச்சீட்டின் படத்தையும் இதோடு இணைத்திருக்கிறேன்.

பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கோல் எடுங்கள். நான்தான் பேசுவேன். போனை மகளிடம் கொடுக்கச் சொல்ல வேண்டாம்.

இங்ஙனம்,
உங்கள் வாடிக்கையாளர்,
தம்பிலுவில்.
மே 26