செயலாளரின் ஆண்டறிக்கை: ஜெனசிஸ் ஐவரும் மீண்டும் மேடையேற வேண்டுமா?

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தென்லண்டனில் ப்ரொக்ரெசிவ் ரொக் (நீண்ட பாடல்களும் சிக்கலான தாளங்களும் கொண்ட ரொக் வகை) கேட்கும் தமிழர்களாகிய நாம் நடத்திவரும் இந்த வட்டத்தின் ஆண்டறிக்கையைச் சபையின் முன் வைக்கிறேன். வழமையான விடயங்களை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு நம்மை ஆட்டிப்படைத்தது ஒரே ஒரு கேள்விதான். அதற்கு நேரம் வேண்டும்.

மாதக் கூட்டங்கள் ஓகஸ்ட் விடுமுறை நீங்கலாகத் தவறாமல் நடந்தன. மண்டப வாடகை கூடியதால் சனி இரவிலிருந்து ஞாயிறு பின்னேரத்துக்கு மாறினோம். அதனால் பிள்ளைகளோடு வருவோர் தொகை கூடியது மகிழ்ச்சி. பழைய அம்ப்ளிஃபயர் திருத்தப்பட்டுவிட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இனி விடயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தின் ரொக் குழுவான ஜெனசிஸின் எழுபதுகளின் ஐவரும், அதாவது பாடகர் பீற்றர் கேப்ரியல், கீபோர்ட் ரொனி பாங்க்ஸ், பேஸ் கிற்றார் மைக் ரதர்ஃபோர்ட், கிற்றார் ஸ்ரீவ் ஹக்கெற், ட்ரம்ஸ் வாசித்து, கேப்ரியல் போனபின் பாடகராகவும் ஆன பில் கொலின்ஸ் ஆகியோர், இன்னொரு முறை ஒன்றாக மேடையேற வேண்டுமா? இந்தக் கதை நம்மிடையே புதிதல்ல. ஆனால் 2025 செப்ரெம்பரில் அவர்களுடைய ‘த லாம் லைஸ் டவுன் ஒன் ப்ரோட்வே’ இசைத்தொகுப்பின் ஐம்பதாண்டுப் பதிப்பு வெளிவந்தபோது பழைய ஆசைக்கு மறுபடி உயிர் வந்தது. அதன் புதிய ஒலிக்கலவையைக் கேப்ரியலும் பாங்க்சும் சேர்ந்து மேற்பார்வை செய்தார்கள் என்ற செய்தியே போதுமாக இருந்தது. இருவரும் ஒரே அறையில் இருந்திருக்கிறார்கள், இனி மேடை எவ்வளவு தூரம் என்று ஒரு உறுப்பினர் கேட்டார். அடுத்த மாதமே கனடாவின் ரஷ் குழு, 2020இல் மறைந்த நீல் பேர்ட்டின் இடத்தில் அனிகா நில்ஸ் என்ற ட்ரம்ஸ் கலைஞரோடு 2026இல் சுற்றுப்பயணம் போவதாக அறிவித்தது. அதன் பிறகு நம் கூட்டங்களில் வேறு எதையும் கதைக்க முடியவில்லை. நிகழ்ச்சி நிரலில் இருந்த இரண்டு பொருட்களைத் தள்ளிவைத்துவிட்டு, இந்தக் கேள்விக்கென்றே ஒரு கூட்டம் ஒதுக்கினோம்.

வேண்டும் என்ற பக்கத்தில் பேசியவர்களில் மனதில் நிற்பவர் நம் நூலகப் பொறுப்பாளர் அக்கா. அவர் வாதாடவில்லை, 1973இல் வந்த ‘செல்லிங் இங்கிலண்ட் பை த பவுண்ட்’ இசைத்தட்டை எடுத்து ‘ஃபேர்த் ஒஃப் ஃபிஃப்த்’ பாடலைப் போட்டார். பாங்க்சின் பியானோ முடிந்து, பாட்டு முடிந்து, நடுவில் கேப்ரியலின் புல்லாங்குழல் ஒரு மெட்டைத் தனியே, மெதுவாக ஊதிவிட்டுப் போகும். சற்றுப் பொறுத்து அதே மெட்டை ஹக்கெற்றின் கிற்றார் எடுக்கும். ஒரு சுரத்தைப் பிடித்தால் விடாமல் நீட்டி, அது தானாக அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததற்குப் போகும். புல்லாங்குழலில் சின்னதாக வந்தது கிற்றாரில் ஆளையே தூக்கும் அளவுக்குப் பெருகிவிடும். ஊசியை எடுத்துவிட்டு அக்கா சொன்னார்: “ஊதினவரும் வாசிச்சவரும் உயிரோட இருக்கினம். இரண்டு பேரும் ஒரே மேடையில நிக்க இதை ஒருக்காக் கேட்கவேணும். வேற ஒண்டும் நான் கேட்கேல்ல.”

இதற்கு மறுமொழி சொல்ல யாருக்கும் உடனே வாய் வரவில்லை. 2007இலும் 2021இலும் குழு சுற்றுப்பயணம் போனபோது அந்தப் பகுதியை வாசித்தார்கள் என்பது உண்மை. ஆனால் கிற்றார் டரில் ஸ்ரூமர் கையில் இருந்தது. அவர் அருமையான கலைஞர், 1978 முதல் குழுவின் மேடைகளில் வாசித்துவந்தவர். இருந்தாலும் அக்கா கேட்பது வேறு.

எதிர்ப்பக்கத்தில், மிருதங்கம் படிப்பிக்கும் நம் மூத்த உறுப்பினர் அண்ணை எழுந்தார். அதே இசைத்தட்டில் ‘த சினிமா ஷோ’ இருக்கிறது. அதன் பிற்பகுதியில் குரல் ஓய்ந்ததும் இசை ஏழின் கணக்குக்கு மாறும். அண்ணை மேசையில் விரலால் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிச்ர சாப்புத் தட்டிக்கொண்டே கொலின்சின் ட்ரம்ஸைக் கேட்கச் சொன்னார். கணக்கு ஏழுதான், அது ஒருபோதும் தவறாது. ஆனால் அந்த ஏழுக்குள் அடி விழும் இடங்கள் மாறிக்கொண்டே இருக்கும், பாங்க்சின் கீபோர்ட் எங்கே மூச்சு விடுகிறதோ அங்கே ஒரு சின்ன உருட்டல் வந்து நிரப்பும். பிறகு குழுவின் இன்னொரு பாடலான ‘சப்பேர்ஸ் ரெடி’யில் ஒன்பதின் கணக்கில் வரும் பகுதியைப் போட்டார். கணக்கை ஒருவர் பிடித்துவைத்திருப்பதால்தான் மற்றவர் அதன்மேல் ஏறிப் பாய முடிகிறது என்று தட்டிக் காட்டினார். அவருடைய வாதம் இதுதான்: கொலின்சைப் பாடகர் என்றே உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. இந்த ஐவரின் இசையில் அவர் இருப்பது கைகளில். 2007 சுற்றுப்பயணத்தின்போது கழுத்தெலும்பில் ஏற்பட்ட பாதிப்பு, பின்னர் செய்த சத்திரசிகிச்சை, நரம்புப் பாதிப்பு எல்லாம் சேர்ந்து அந்தக் கைகளில் குச்சி நிற்காமல் செய்துவிட்டன. கடைசிச் சுற்றுப்பயணம் முழுவதும் அவர் கதிரையில் இருந்தே பாடினார். மகன் நிக் ட்ரம்ஸ் வாசித்தார், அதுவும் இருபது வயதில், தகப்பனின் அடிகளை மதித்து வாசித்தார். அதைக் குறைத்துச் சொல்ல அண்ணை விரும்பவில்லை. ஆனால் அது ஐவரின் சேர்க்கை ஆகாது என்றார்.

ரஷ் குழுவை இளையோர் எடுத்துக்காட்டினார்கள். அங்கே இல்லாதவர் மறைந்துவிட்டார், அவருக்கு மரியாதை செய்து இன்னொருவர் வாசிக்கிறார். இங்கே கொலின்ஸ் முன்னால் இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த வேறுபாட்டைச் சொன்னவர் பதினேழு வயதுப் பிள்ளை என்பதைக் குறிப்பேட்டில் பெருமையோடு எழுதியிருக்கிறேன்.

செயலாளர் என்ற முறையில் என் கருத்தையும் பதிவுசெய்யத் தலைவர் அனுமதித்தார். ஐவரையும் சேர்க்க முயன்ற வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. கேப்ரியல் 1975 மே மாதம் பிரான்சின் பெசான்சோனில் நடந்த நிகழ்ச்சியோடு விலகினார். ஹக்கெற் 1977இல் போனார். அதன் பிறகு ஐவரும் ஒரே மேடையில் நின்றது ஒரேயொரு நாள்: 1982 ஒக்ரோபர் 2, மில்ரன் கீன்ஸ்.

அது ஏன் நடந்தது என்பதை இளைய உறுப்பினர்கள் அறிந்திருக்க வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் கேப்ரியலும் நண்பர்களும் சொமர்செற் பகுதியிலுள்ள ஷெப்ரன் மலெற்றில் வோமாட் என்ற உலக இசை விழாவை முதன்முறை நடத்தினார்கள். புருண்டி நாட்டு மேளக்காரரும் இங்கிலாந்து ரொக் குழுக்களும் ஒரே மைதானத்தில் வாசித்த விழா அது. இசை வென்றது, காசு தோற்றது. கடன் பெருகி, கொடுக்கவேண்டியவர்களிடமிருந்து கேப்ரியலுக்கு மிரட்டல் அழைப்புகள்கூட வந்தன. பிரிந்துபோய் ஏழு ஆண்டுகள் ஆகிவிட்ட பழைய தோழர்கள் முன்வந்தார்கள். கடனை அடைப்பதற்காக ஒரேயொரு நிகழ்ச்சி, ஜெனசிஸ் என்ற பெயரில் அல்ல, ‘சிக்ஸ் ஒஃப் த பெஸ்ற்’ என்ற பெயரில். அன்று ரதர்ஃபோர்ட்டின் பிறந்தநாள். மழை விடாமல் கொட்டியது. கேப்ரியலைச் சவப்பெட்டியில் வைத்து மேடைக்குத் தூக்கிவந்தார்கள்; அதிலிருந்து எழுந்து பாடத் தொடங்கினார்.

நம் வட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் அப்போது இங்கே மாணவராக இருந்தவர், சேற்றில் நின்று அதைக் கேட்டவர். ஒத்திகை போதாது, இடையிடையே பிசகியது என்பதை அவர் மறைக்கவில்லை. ‘ஃபேர்த் ஒஃப் ஃபிஃப்த்’ அன்றும் வந்தது, ஆனால் ஹக்கெற் அப்போது மேடையில் இல்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தவர் கடைசி இரு பாடல்களுக்குத்தான் கிற்றாரோடு ஏறினார். “பக்கத்தில நிண்டவன் ஆரெண்டே தெரியாது, அவன் அழுதான், நானும் அழுதன்” என்றார்.

அதோடு ஒப்பிட்டால் பின்னர் வந்த அழைப்புகள் எல்லாம் ஏன் நிறைவேறவில்லை என்பது எனக்கு விளங்குகிறது. 1999இல் ‘த கார்ப்பெற் க்ரோலர்ஸ்’ பாடலை ஐவரின் பங்களிப்போடும் மீண்டும் பதிவுசெய்து வெளியிட்டார்கள், ஆனால் பதிவுசெய்தது ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு இடம். கேட்டால் அந்த இடைவெளி எனக்குக் கேட்கிறது. அதற்குப் பிறகு கிளாஸ்கோவில் ஐவரும் கூடி ‘லாம்’ தொகுப்பை முழுமையாக மேடையேற்றுவது பற்றிப் பேசினார்கள். கேப்ரியல் தயங்கினார், பாங்க்ஸ், ரதர்ஃபோர்ட், கொலின்ஸ் மூவரும் 2007இல் தாங்களாகவே புறப்பட்டார்கள். நம்மில் பலர் ருவிக்கன்ஹாமில் அதைப் பார்த்தோம், நல்ல நிகழ்ச்சி. 2010இல் அமெரிக்காவில் ரொக் புகழ்மன்ற விருது கொடுத்தபோது நால்வர் போனார்கள், கேப்ரியல் போகவில்லை. பணமும் புகழும் நம் ஏக்கமும் கூப்பிட்டபோது ஐவரும் வரவில்லை. ஒருவனுக்கு இக்கட்டு வந்தபோது ஐவரும் வந்தார்கள். இந்த வரிசையை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆகவே நான் ‘வேண்டாம்’ என்ற பக்கம் கை உயர்த்தினேன்.

2022 மார்ச் 26, லண்டன் ஓ2 அரங்கில் நடந்த குழுவின் கடைசி நிகழ்ச்சியில் கேப்ரியல் பார்வையாளராக வந்திருந்தார். கொலின்ஸ் அதை மேடையிலிருந்தே சொன்னார். மேடைக்குப் பின்னால் இருவரும் சேர்ந்து எடுத்த படத்தை அச்சிட்டு நம் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கிறோம். கேப்ரியல் மேடை ஏறியிருக்கலாமே என்று இன்றும் கவலைப்படுவோருக்கு நான் சொல்லக்கூடியது, அந்த மேடை அன்று கொலின்சுக்குரியது, அதை அறிந்தே அவர் கீழே இருந்தார் என்பதுதான்.

கூட்ட முடிவில் வேண்டாம் என்ற பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அக்கா தன் நிலையை மாற்றவில்லை. அவர் மாற்றவேண்டியதும் இல்லை.

இந்த விவாதத்தால் வந்த பெரிய நன்மை ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கேப்ரியலையும் கொலின்சையும் இணைக்கும் ஒரு தமிழரை நம்மில் பலர் மறந்தே போயிருந்தோம். வயலின் மேதை எல். சங்கர் சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அவருடைய தகப்பனார் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 கலவரத்துக்குப் பின்தான் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. அந்தச் சங்கர் 1981இல் கொலின்சின் முதல் தனித்தொகுப்பான ‘ஃபேஸ் வல்யூ’வில் வாசித்திருக்கிறார்; 1989இல் கேப்ரியலின் ‘பஷன்’ தொகுப்பிலும் 1993இல் அவருடைய சுற்றுப்பயணத்திலும் வாசித்திருக்கிறார். பிரிந்துபோன இரு நண்பர்களும் தனித்தனியே தேடிப்போன வயலின் வில் யாழ்ப்பாணத்து வீடொன்றில் பழகியது. இதை ஒரு உறுப்பினர் இசைத்தட்டு உறையைத் திருப்பி வாசித்துக் காட்டியபோது சபையில் எழுந்த ஆரவாரம் இந்த ஆண்டின் வேறெந்தக் கூட்டத்திலும் எழவில்லை.

எனவே அடுத்த ஆண்டு நிகழ்ச்சிகளில் சங்கர் மாலை ஒன்றை நிர்வாகக் குழு முன்மொழிகிறது. அக்காவின் வேண்டுகோளின்படி, ஹக்கெற் ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில் ‘லாம்’ பாடல்களை வாசித்து 2025இல் வெளியிட்ட பதிவும் ஒரு கூட்டத்தில் முழுமையாகக் கேட்கப்படும். தள்ளிப்போன இரண்டு பொருட்களும், அதாவது இங்கிலாந்தின் கான்ரபெரி நகரத்து ரொக் குழுக்கள் பற்றிய உரையும் இத்தாலிய ப்ரொக்ரெசிவ் இசை அறிமுகமும், கோடைக்கு முன் எடுத்துக்கொள்ளப்படும்.

அம்ப்ளிஃபயரைத் திருத்தித்தந்த உறுப்பினருக்கும், மாதந்தவறாமல் வடை சுட்டுக் கொண்டுவந்த குடும்பங்களுக்கும், இளையோருக்கு இசைத்தட்டுகளை இரவல் கொடுத்த மூத்தவர்களுக்கும் சபையின் சார்பில் நன்றி. உபதலைவர் பதவிக்கும் நூலகப் பொறுப்புக்கும் இன்று தெரிவு நடைபெறும். அக்கா நூலகத்தில் தொடர விருப்பம் தெரிவித்திருக்கிறார், வேறு பெயர் வரவில்லை. சந்தா செலுத்தாதோர் இடைவேளையில் பொருளாளரைச் சந்திக்கவும்.

இவ்வறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்