‘போதும்’ என்றால் கையை எடுக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், என் நான்கு வயதுப் பேத்தியைப் பிடித்துக் கிச்சுகிச்சு மூட்டினார். அவள் சிரித்துக்கொண்டே “போதும், போதும்” என்றாள். அவர் விடவில்லை. சிரிக்கிறாளே என்று நாங்களும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டோம். கடைசியில் அழுதுவிட்டாள்.

அப்புறம் அதையே ஒரு விளையாட்டாக்கினேன். அவள் “ம்” என்றால் கிச்சுகிச்சு மூட்டலாம். “போதும்” என்றால் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். பிறகு முறை மாறும். நான் “போதும்” என்பேன், அவள் நிறுத்த வேண்டும். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது! இரண்டு மூன்று நாளில் பழகிவிட்டாள்.

யோசித்தால் இதில் புதிதாக ஒன்றுமில்லை. நொண்டி விளையாட்டில் கோட்டைத் தாண்டினால் அவுட். ஓடிப்பிடித்து ஆடும்போது ‘டைம் ப்ளீஸ்’ சொன்னவனைத் தொடக்கூடாது. காய் விட்டவள், மனம் ஆறிய பிறகுதான் பழம் விடுவாள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தது 2012-ல். பள்ளிகளில் ‘குட் டச், பேட் டச்’ சொல்லித் தருகிறார்கள், குழந்தைகள் உதவிக்கு அழைக்கும் 1098 எண்ணையும் சொல்கிறார்கள். சரி. ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும் குழந்தையை, “மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு, போ” என்று நாமே தள்ளிவிடுகிறோமே?

என் பேத்தி இப்போது விருந்தினருக்குக் கைகூப்பி வணக்கம் சொல்கிறாள். பிடித்தவர்களுக்கு ஹை-ஃபைவ். அந்த உறவினருக்கு மட்டும் இன்னும் இரண்டும் கிடைக்கவில்லை.

– ஒரு பாட்டி, திருநெல்வேலி